7-வது முயற்சியில் எவரெஸ்ட்: சுமை தூக்கப் போன டென்சிங் நார்கே சிகரம் தொட்டது எப்படி?

1953 மே 29, காலை 11.30 மணி. உலகத்தின் மிக உயரமான இடத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் நியூசிலாந்தில் தேனீ வளர்ப்பைத் தொழிலாகக் கொண்டிருந்த எட்மண்ட் ஹில்லரி. இன்னொருவர் டார்ஜிலிங்கில் இருந்து போன டென்சிங் நார்கே. அதற்கு முன்பு அந்த உச்சிக்குப் போய்விட்டு உயிரோடு திரும்பியவர் யாருமில்லை.

அன்று உச்சியில் எடுத்த புகழ்பெற்ற போட்டோவை எல்லோரும் பார்த்திருப்போம். கையில் ஐஸ் கோடாரியை உயர்த்திப் பிடித்திருப்பார் ஒருவர். கோடாரியில் கட்டிய கொடிகள் காற்றில் படபடக்கும். முகத்தை ஆக்சிஜன் மாஸ்க் மறைத்திருக்கும். அது டென்சிங். கேமரா ஹில்லரி கையில் இருந்தது.

அந்த நாளில் நம்ம உழவர்கரை இந்தியாவோடு இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. உழவர்கரை அதில் ஒரு கொம்யூன். 17 மாதம் கழித்து, 1954 நவம்பர் 1-ம் தேதிதான் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்குச் சரியாக மூன்றே நாள் கழித்து, நவம்பர் 4-ம் தேதி, நாட்டின் இன்னொரு மூலையான டார்ஜிலிங்கில் ஒரு மலையேற்றப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே களப் பயிற்சிக்குத் தலைமை ஏற்றவர் டென்சிங்.

லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கத்துச் செம்மண் மேடுகளைத் தவிர ஏறுவதற்கு எதுவும் இல்லாத கடலோர ஊர் நம்முடையது. எவரெஸ்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் டென்சிங் கதை மலையைப் பற்றியது மட்டும் இல்லை. ஒரு வேலையில் சுமையைத் தூக்குவது யார், அந்த வேலைக்குப் பெயர் வாங்குவது யார் என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. அந்தக் கேள்வி எவரெஸ்டில் இன்னும் முடியவில்லை.

பெயர் மாற்றப்பட்ட குழந்தை

டென்சிங் பிறந்தது 1914 மே மாதக் கடைசியில் என்று கணக்கிடுகிறார்கள். சரியான தேதி அவருக்கே தெரியாது. பின்னாளில் எவரெஸ்ட் ஏறிய மே 29-ஐயே பிறந்தநாளாகக் கொண்டாடினார்.

பிறந்த இடத்திலும் குழப்பம். திபெத்தில் மக்காலு மலைக்குப் பக்கத்தில் பிறந்தார் என்பது ஒரு தரப்பு. நேபாளத்தின் கும்பு பகுதியில் உள்ள தாமே கிராமத்தில் பிறந்தார் என்பது இன்னொரு தரப்பு. வளர்ந்தது தாமேயில். அப்பா யாக் மேய்ப்பவர். 13 குழந்தைகளில் டென்சிங் 11-வது. அதில் பெரும்பாலான குழந்தைகள் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள்.

வீட்டில் முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடாலயத்தின் தலைமை லாமா சொன்ன பிறகுதான் டென்சிங் நார்கே என்று மாற்றினார்கள். செல்வமும் அதிர்ஷ்டமும் உள்ள பக்தன் என்பது அந்தப் பெயரின் பொருள். அந்த நேரத்தில் வீட்டில் செல்வமும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை.

பையனைத் துறவியாக்கலாம் என்று தெங்போச்சே மடாலயத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது ஒத்துவரவில்லை. வீட்டை விட்டு ஓடினார். முதல்முறை காத்மாண்டு வரை. அடுத்தமுறை இந்தியா. பதின்ம வயது முடிவதற்குள் டார்ஜிலிங்கில், தூங் சூங் என்ற ஷெர்பா குடியிருப்பில் வந்து தங்கிவிட்டார்.

ஏன் டார்ஜிலிங்?

ஏன்னா, வேலை அங்கேதான் இருந்தது.

அப்போ நேபாளம் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறக்கவில்லை. எவரெஸ்டுக்குப் போக நினைத்த பிரிட்டிஷ்காரர்கள் டார்ஜிலிங் வந்து, அங்கிருந்து சிக்கிம், திபெத் வழியாகச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போவார்கள். அவர்களுடைய கூடாரம், உணவு, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாவற்றையும் தூக்க ஆள் தேவை. அந்த வேலைக்குப் பேர்போனவர்கள் ஷெர்பாக்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். ஷெர்பா என்றால் சுமைதூக்கி என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. ஷெர்பா என்பது ஒரு இனக்குழுவின் பெயர். பல தலைமுறைக்கு முன்பு திபெத்தில் இருந்து இமயத்தைத் தாண்டி வந்து குடியேறிய மக்கள். உயரமான இடத்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால், குறைந்த ஆக்சிஜனை வைத்துச் சமாளிக்கும் தன்மை அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது. மரபணு ஆய்வுகளும் இதை உறுதி செய்திருக்கின்றன.

ஆனால் அந்த உடம்பும் எல்லா ஆபத்தையும் தாங்காது. 1922-ல் பிரிட்டிஷ் குழு எவரெஸ்ட் ஏறப் போனபோது பனிச்சரிவு வந்தது. அதில் இறந்த 7 பேருமே சுமை தூக்க வந்த உள்ளூர் ஆட்கள். எவரெஸ்ட் ஏற்றத்தின் முதல் பெரிய விபத்தே அதுதான். வந்த துரைமார்களின் பெயர் புத்தகங்களில் ஏறியது. இந்த ஏழு பேரின் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு சிரிப்பு வாங்கிக் கொடுத்த வேலை

1935-ல் எரிக் ஷிப்டன் தலைமையில் ஒரு குழு எவரெஸ்டுக்குக் கிளம்பியது. ஆள் எடுக்கும் வரிசையில் 20 வயது டென்சிங்கும் நின்றார். மலை அனுபவம் இல்லை, சிபாரிசுச் சான்றிதழும் இல்லை. முதலில் எடுக்கவில்லை. கடைசி நேரத்தில் மருத்துவப் பரிசோதனையில் இரண்டு பேர் தேறவில்லை. வரிசையில் நின்ற இளைஞனின் சிரிப்பு ஷிப்டனுக்குப் பிடித்துப்போனது. வேலை கிடைத்துவிட்டது.

கூலி ஒரு நாளைக்கு 12 அணா. பனிக்கோட்டுக்கு மேலே போனால் ஒரு ரூபாய்.

அந்தக் கூலிக்கு என்ன வேலை என்றும் பார்க்கணும். கடல் மட்டத்தில் நாம் ஒரு மூச்சில் இழுக்கிற ஆக்சிஜனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் எவரெஸ்ட் உச்சியில் கிடைக்கும். 8,000 மீட்டருக்கு மேலே மரண மண்டலம் என்று சொல்கிறார்கள். அங்கே உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. தங்கத் தங்க மோசமாகும். பசி எடுக்காது, தூக்கம் வராது, யோசனை மெதுவாகும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்தால், உடனே கீழே இறங்காவிட்டால் உயிர் போகும். தண்ணீர் 70 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும் என்பதால் அரிசிகூடச் சரியாக வேகாது. இந்த இடத்தில்தான் முதுகில் மூட்டையோடு ஏறினார்கள்.

1935, 1936, 1938 என மூன்று முறை டென்சிங் எவரெஸ்டுக்குப் போனார். மூன்றும் சுமைதூக்கியாக. 1938-ல் 8,200 மீட்டருக்கும் மேலே உள்ள கடைசி முகாம் வரை சுமை கொண்டுபோனார். மிகவும் உயரத்துக்குச் சுமை சேர்த்த ஷெர்பாக்களுக்கு இமாலயன் கிளப் புலிப் பதக்கம் கொடுக்கும். டென்சிங்கும் புலி ஆனார்.

மற்ற ஷெர்பாக்களிடம் இருந்து அவரைத் தனியாகக் காட்டியது ஒன்று உண்டு. பலருக்கு மலை என்பது பிழைப்பு. இறங்கி வந்து கூலி வாங்கினால் போதும். டென்சிங்குக்கு உச்சிக்கே போகணும் என்ற ஆசை இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

நடுவில் உடைந்த வாழ்க்கை

இரண்டாம் உலகப் போர் வந்ததும் மலையேற்றக் குழுக்கள் நின்றுபோயின. டென்சிங் வேலை தேடி, இப்போ பாகிஸ்தானில் இருக்கும் சித்ராலுக்குப் போனார். 1935-ல் அவர் திருமணம் செய்த தாவா புட்டி 1944-ல் அங்கே இறந்துவிட்டார். நான்கு வயது மகன் அதற்கு முன்பே, 1939-ல் இறந்திருந்தான். இரண்டு சின்னப் பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு டார்ஜிலிங் திரும்பினார். பிறகு ஆங் லாமுவை மணந்தார். வருமானம் இல்லாத அந்த நாட்களில் வீட்டைத் தாங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1947-ல் ஏர்ல் டென்மன் என்ற கனடாக்காரர் வந்தார். கையில் பெரிய பணமும் இல்லை, திபெத்துக்குள் போக அனுமதியும் இல்லை. திருட்டுத்தனமாகப் போய் எவரெஸ்ட் ஏறலாம் என்றார். நிதானமாக யோசிக்கிற யாரும் சம்மதிக்க மாட்டார்கள். டென்சிங் சம்மதித்தார். புயல் துரத்தியடித்தது, திரும்பினார்கள்.

அதே வருடம் ஸ்விட்சர்லாந்து குழுவோடு கார்வாலில் உள்ள கேதார்நாத் சிகரத்துக்குப் போனார். ஷெர்பாக்களின் தலைவரை சர்தார் என்பார்கள். அந்தக் குழுவின் சர்தாருக்கு அடிபட்டதால் பொறுப்பு டென்சிங் கைக்கு வந்தது. அந்தச் சிகரத்தின் உச்சியையும் தொட்டார். 12 வருடம் மலையில் உழைத்தவருக்குக் கிடைத்த முதல் பெரிய உச்சி அது.

பிரெஞ்சுக்காரர்களும் நந்தாதேவியும்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1950-ல், பிரெஞ்சு மலையேறிகள் நேபாளத்தில் ஒரு சாதனை செய்தார்கள். ஜூன் 3-ம் தேதி மோரிஸ் எர்சோக், லூயி லாஷனல் இருவரும் அன்னபூர்ணா உச்சியில் நின்றார்கள். 8,000 மீட்டருக்கு மேல் உள்ள 14 சிகரங்களில் மனிதன் ஏறிய முதல் சிகரம் அதுதான். அதற்கு விலையும் கொடுத்தார்கள். பனிக்கடியில் எர்சோக் கை விரல்களையும் கால் விரல்களையும் இழந்தார். லாஷனலுக்குக் கால் விரல்கள் போயின.

அடுத்த வருடம் இன்னொரு பிரெஞ்சுக் குழு இந்தியாவின் நந்தாதேவிக்கு வந்தது. சர்தார் டென்சிங். நந்தாதேவியில் இரண்டு உச்சிகள் உண்டு. ஒன்றில் ஏறி, நடுவில் உள்ள கூர்மையான முகடு வழியாக நடந்து, இன்னொன்றில் இறங்குவது திட்டம். குழுத் தலைவர் ரோஜே டுப்ளாவும், ஜில்பேர் வீஞ்யும் மேலே போனார்கள். திரும்பி வரவே இல்லை.

அவர்களைத் தேடி டென்சிங்கும் லூயி டுபோஸ்ட்டும் கிழக்கு நந்தாதேவி உச்சி வரை ஏறினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. தன் வாழ்நாளில் ஏறியதிலேயே கடினமான ஏற்றம் எது என்றால், டென்சிங் எவரெஸ்டைச் சொல்லவில்லை, இதைத்தான் சொன்னார். பின்னாளில் டெல்லி, லண்டன் எல்லாம் மாலையோடு வரவேற்ற எவரெஸ்டைவிட, யாரும் கைதட்டாத ஒரு தேடுதல் அவருக்குப் பெரிதாக இருந்தது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு இரவு

1950 வாக்கில் நிலைமை தலைகீழானது. திபெத் மூடிக்கொண்டது, நேபாளம் திறந்தது. எவரெஸ்டைத் தெற்கிலிருந்து ஏறும் வழி தெரிய வந்தது. 1952-ல் அனுமதி கிடைத்தது ஸ்விஸ் குழுவுக்கு. அவர்கள் டென்சிங்கை சர்தாராக மட்டும் எடுக்கவில்லை. உச்சி ஏறும் குழுவிலும் சம உறுப்பினராகச் சேர்த்தார்கள். சுமைதூக்கி, மலையேறி என்ற இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு முதல்முறையாக அழிந்தது அங்கேதான்.

அவருக்குக் கயிற்றில் ஜோடி ரேமண்ட் லம்பேர். பழைய விபத்து ஒன்றில் கால் விரல்களை இழந்த மனிதர். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. சைகையும் ஒன்றிரண்டு வார்த்தையும்தான். ஆனாலும் டென்சிங்கின் மிக நெருங்கிய நண்பரானார் லம்பேர்.

மே மாதக் கடைசியில் இருவரும் 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கூடாரத்தில் இரவைக் கழித்தார்கள். தூங்கும் பை இல்லை. அடுப்பு இல்லை. ஒரு மெழுகுவத்தியில் பனிக்கட்டியை உருக்கித் தொண்டையை நனைத்துக்கொண்டார்கள். உறைந்து போகாமல் இருக்க ராத்திரி முழுக்க ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார்கள். மே 28 அன்று 8,595 மீட்டர் வரை போனார்கள். அதுவரை அவ்வளவு உயரத்தை எட்டி உயிரோடு திரும்பியவர்கள் இல்லை. உச்சிக்கு இன்னும் 250 மீட்டர் மட்டும். மேலே போனால் ஒருவேளை தொட்டிருக்கலாம், ஆனால் இறங்கியிருக்க முடியாது. திரும்பினார்கள்.

அதே வருடம் மழைக்காலம் முடிந்ததும் மறுபடி முயற்சி. குளிரும் காற்றும் விரட்டின. ஒரு ஷெர்பா பலியானார். அது டென்சிங்கின் ஆறாவது எவரெஸ்ட் பயணம்.

1953: ஏழாவது முறை

அடுத்த முறை வாய்ப்பு பிரிட்டனுக்கு. ஜான் ஹன்ட் தலைமையில் ராணுவப் படையெடுப்பு மாதிரி ஒரு ஏற்பாடு. 362 சுமைதூக்கிகள், 20 ஷெர்பாக்கள், 10,000 பவுண்டு எடையுள்ள பொருட்கள். டென்சிங் சர்தாராகவும் மலையேறியாகவும் சேர்ந்தார். உடம்பு அப்போ இளைத்திருந்தது. டார்ஜிலிங்கில் விடிவதற்கு முன்பே எழுந்து, பையில் கல்லை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமும் நடந்து பயிற்சி எடுத்தார்.

ஆரம்பமே கசப்பு. காத்மாண்டுவில் பிரிட்டிஷ்காரர்களுக்குத் தூதரகத்தில் அறை கொடுத்தார்கள். ஷெர்பாக்களுக்குக் கழிப்பறைகூட இல்லாத கேரேஜ். மறுநாள் காலையில் ஷெர்பாக்கள் அந்தக் கட்டடத்துக்கு முன்னாலேயே வரிசையாகச் சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் பேசிச் சமாதானம் செய்யும் வேலை டென்சிங் தலையில் விழுந்தது.

மலையில் கும்பு பனியருவி என்று ஒரு இடம் உண்டு. வீடு அளவுக்குப் பனிப்பாளங்கள் எப்போது வேண்டுமானாலும் சரியும். அங்கே பனி உடைந்து ஹில்லரி பிளவுக்குள் விழுந்தபோது, கோடாரியைப் பனியில் ஊன்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்தவர் டென்சிங். அன்றிலிருந்து ஹில்லரிக்கு எந்த ஆளோடு ஏறணும் என்பதில் சந்தேகம் இல்லை.

மே 26 அன்று முதல் ஜோடியான போர்டிலன், இவான்ஸ் இருவரும் தெற்கு உச்சி வரை போனார்கள். கண் முன்னால் சிகரம். ஆனால் ஆக்சிஜனும் நேரமும் போதவில்லை. திரும்பினார்கள்.

அடுத்து ஹில்லரியும் டென்சிங்கும். இவர்களுக்குக் கடைசி முகாமுக்குப் பொருள் சேர்க்க மூன்று ஷெர்பாக்கள் வர வேண்டியது. இரண்டு பேருக்கு உடம்பு முடியவில்லை. ஆங் நைமா ஒருவர் மட்டும் தெம்பாக இருந்தார். மிச்ச சுமையை மலையேறிகளே பங்கு போட்டுத் தூக்கினார்கள். இரண்டு சுமைதூக்கிகள் படுத்துவிட்டதால் சரித்திரமே தள்ளிப்போகிற நிலை. அவர்களுடைய வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மே 28 இரவு 8,500 மீட்டரில் கூடாரம். டென்சிங் ஷூவைக் கழற்றாமல் படுத்தார். ஹில்லரி கழற்றி வைத்தார். காலையில் அது கல்லாக உறைந்துவிட்டது. அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு கிளம்பி, செங்குத்தான ஒரு பாறைச் சுவரைத் தாண்டினார்கள். அதுதான் பின்னாளில் ஹில்லரி ஸ்டெப் என்று பெயர் பெற்றது. 11.30-க்கு மேலே ஏற இடமில்லை.

உச்சியில் இருந்தது சுமார் 15 நிமிடம். டென்சிங் கோடாரியில் ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா என நான்கு கொடிகள். கழுத்தில் லம்பேர் கொடுத்த சிவப்பு ஸ்கார்ஃப். பனியில் சின்னக் குழி தோண்டி, மலைத் தெய்வத்துக்குப் படையலாக இனிப்பும், மகள் நீமா கொடுத்தனுப்பிய ஒரு பென்சிலும் வைத்தார்.

யார் முதலில்? தீராத சண்டை

இறங்கி வந்த பிறகுதான் இன்னொரு மலை ஏற வேண்டியிருந்தது. அது அரசியல்.

காத்மாண்டுவில் டென்சிங்தான் முதலில் கால் வைத்தார் என்று கூட்டம் கோஷம் போட்டது. பிரிட்டிஷ் பக்கத்தில் ஹில்லரி பெயர் முதலில் வந்தது. நேபாளம் எங்கள் ஆள் என்றது. இந்தியா எங்கள் ஆள் என்றது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதரிடம் ஆளாளுக்கு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கடைசியில் ஹில்லரியும் அவரும் ஏறக்குறைய ஒன்றாகவே உச்சியை அடைந்தோம் என்று ஒரு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

ஹன்ட், ஹில்லரி இருவருக்கும் சர் பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். ஏன் இந்த வித்தியாசம் என்று இன்றைக்கும் விவாதம் ஓடுகிறது. நேபாளம் தன் உயரிய விருதைக் கொடுத்தது. இந்தியா 1959-ல் பத்ம பூஷண் கொடுத்தது.

1955-ல் வந்த சுயசரிதையில் டென்சிங்கே சண்டையை முடித்துவைத்தார். கயிற்றில் முன்னால் போன ஹில்லரி முதலில் கால் வைத்தார், அடுத்த அடி என்னுடையது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தனக்குச் சாதகமான பொய்யைக் கோடிப் பேர் நம்பத் தயாராக இருந்தபோது உண்மையைச் சொன்னார். எவரெஸ்டுக்குக் குறைந்த உயரம் இல்லை அது.

ஆயிரம் டென்சிங்குகளுக்கு ஒரு பள்ளி

பிரதமர் நேரு டென்சிங் மேல் தனி அக்கறை காட்டினார். மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராயும் சேர்ந்து முயற்சி எடுக்க, டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் உருவானது. மேஜர் நரேந்திர தார் ஜெயால் முதல்வர். டென்சிங் களப் பயிற்சி இயக்குநர். பாடம் நடத்தும் முறையைக் கற்க ஸ்விட்சர்லாந்து போய், அர்னால்ட் கிளாட்டார்டிடம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். உலகமே கொண்டாடுகிற மனிதர், 40 வயதில் மாணவராக உட்கார்ந்தார்.

1976 வரை அங்கே பணி. அதுவரை இந்தியாவில் மலையேற்றம் என்றால் வெள்ளைக்காரர் விளையாட்டு. இந்தியர் வேலை சுமப்பது. அந்த நிலையை மாற்றியது இப்படிப்பட்ட பயிற்சிதான். 1960, 1962 இந்தியக் குழுக்கள் உச்சியை நெருங்கித் திரும்பின. 1965-ல் கோலி தலைமையிலான குழுவில் 9 பேர் எவரெஸ்ட் ஏறினார்கள். அதில் ஒருவர் டென்சிங்கின் அக்கா மகன் முறையான நவாங் கோம்பு. எவரெஸ்டை இரண்டு முறை ஏறிய முதல் மனிதர். 1984-ல் பச்சேந்திரி பால், உச்சியைத் தொட்ட முதல் இந்தியப் பெண் ஆனார். அந்தச் செய்தியையும் பார்த்துவிட்டுத்தான் டென்சிங் போனார். 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் காலமானார். அவர் வேலை பார்த்த அதே வளாகத்தில் அவருக்கு நினைவிடமும் சிலையும் இருக்கின்றன.

இப்போ எவரெஸ்ட் எப்படி இருக்கு?

டென்சிங் காலத்தில் கேள்வி, மனிதனால் முடியுமா என்பது. 1978-ல் மெஸ்னர், ஹாபெலர் இருவரும் ஆக்சிஜன் சிலிண்டரே இல்லாமல் ஏறி அந்தக் கேள்வியை முடித்துவிட்டார்கள். அதன் பிறகு கேள்வி மாறிவிட்டது: பணம் இருக்கிறதா?

1990-களில் இருந்து நிறுவனங்கள் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கூட்டிப்போகின்றன. நேபாளம் வசூலிக்கும் அனுமதிக் கட்டணம் மட்டும் 11,000 டாலராக இருந்து, 2025 செப்டம்பரில் 15,000 டாலராக உயர்ந்தது. 2023 சீசனில் 470-க்கும் மேற்பட்ட வெளிநாட்டவருக்கு அனுமதி கொடுத்தார்கள். அதே வருடம்தான் முத்தமிழ்செல்வி எவரெஸ்ட் ஏறி, அந்தச் சாதனையைச் செய்த முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். நல்ல வானிலை கிடைப்பது மே மாதத்தில் சில நாட்கள் மட்டும் என்பதால், எல்லோரும் ஒரே கயிற்றில் வரிசை கட்டுகிறார்கள். 2019-ல் வெளிவந்த டிராஃபிக் ஜாம் போட்டோ ஞாபகம் இருக்கலாம். அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சிலிண்டரில் ஆக்சிஜன் குறையும்.

அந்தக் கயிற்றைக் கட்டுவது யார்? ஷெர்பாக்கள். பனியருவியில் ஏணி போடுவது, கூடாரம் அடிப்பது, சிலிண்டர் சேர்ப்பது எல்லாமே அவர்கள். வாடிக்கையாளர் ஆபத்தான பனியருவியைச் சில முறை கடப்பார். ஷெர்பா பல மடங்கு அதிகமாகக் கடக்கணும். 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிப்பாளம் சரிந்து 16 பேர் இறந்தார்கள். எல்லோரும் நேபாளத் தொழிலாளர்கள். ஈமச் சடங்குக்கு என்று அரசு முதலில் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த சீசன் தெற்குப் பக்கத்தில் ஏறக்குறைய நின்றே போனது. பிறகு காப்பீட்டுத் தொகை 15 லட்சம் நேபாள ரூபாயாக உயர்ந்தது. 1922-ல் பேசாமல் புதைந்தவர்களின் பேரன்கள் 2014-ல் பேசினார்கள்.

மாற்றம் அதோடு நிற்கவில்லை. ஷெர்பாக்களே இன்று நிறுவன உரிமையாளர்களாக இருக்கிறார்கள். காமி ரீட்டா ஷெர்பா 30 முறைக்கு மேல் எவரெஸ்ட் ஏறியிருக்கிறார். 2021 ஜனவரி 16 அன்று, குளிர்காலத்தில் யாருமே ஏறாத கே2 சிகரத்தின் உச்சியில் பத்து நேபாள மலையேறிகள் தோளோடு தோள் நின்றார்கள். யார் முதலில் என்ற கேள்விக்கே இடம் கொடுக்காமல், உச்சிக்குக் கொஞ்சம் கீழே காத்திருந்து, ஒன்றாகச் சேர்ந்து நடந்தார்கள். 1953-ல் டென்சிங்கைப் படுத்திய கேள்விக்கு அதைவிட அழகான பதில் இருக்க முடியாது. பனியருவியில் ஏணியும் கயிறும் கொண்டுபோக இப்போ ட்ரோன்களையும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு ட்ரோன் பயணமும் ஒரு ஷெர்பா அந்த இடத்தைக் கடக்க வேண்டிய ஒரு முறையைக் குறைக்கிறது.

மகனுக்குச் சொன்ன விஷயம்

டென்சிங் தன் பிள்ளைகளை மலைக்கு அனுப்ப விரும்பவில்லை. நல்ல பள்ளிகளில் படிக்க வைத்தார். மகன் ஜாம்லிங் எவரெஸ்ட் ஏற ஆசைப்பட்டபோது, அப்பா ஆதரவு தரவில்லை. தான் ஏறியதே பிள்ளைகள் ஏற வேண்டிய அவசியம் வரக்கூடாது என்பதற்காகத்தான் என்பது அவர் எண்ணம்.

ஜாம்லிங் கேட்கவில்லை. அப்பா இறந்து 10 வருடம் கழித்து, 1996 மே 23 அன்று உச்சியில் நின்றார். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் அதே மலையில் ஒரே புயலில் 8 பேர் இறந்திருந்தார்கள். அப்பா ஏறியது வாய்ப்பு தேடி. மகன் ஏறியது அப்பாவைத் தேடி. ஜாம்லிங்குக்கு வேண்டாம் என்று சொல்லும் வசதி இருந்தது. அந்த வசதியைச் சம்பாதித்துக் கொடுத்தவர், 12 அணாவுக்கு மூட்டை தூக்கிய டென்சிங்.

டார்ஜிலிங் நிறுவனம் இன்றும் நடக்கிறது. நாடெங்கும் இருந்து மாணவர்களும் என்.சி.சி. இளைஞர்களும் சுமார் நான்கு வாரப் பயிற்சிக்கு அங்கே போகிறார்கள். கடலோரத்தில் இருந்து போகிறவருக்கும் அங்கே முதல் பாடம் ஒன்றுதான்: உன் பையை நீதான் தூக்கணும்.